பேர் எழுதாத படம், கடை ஏடு இல்லாத சுவடி

கோபி பக்கத்தில் எங்காவது பழைய தொட்டிக்கட்டு வீட்டைப் பிரிக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் அன்றைக்கே கிளம்பிவிடுவேன். ஓட்டுக்கும் உத்தரத்துக்கும் கதவு நிலைக்கும் விலை பேச ஆள் வந்துவிடும். அட்டாலியிலிருந்து இறக்கி வாசலில் குவிக்கிற சாமான்களில்தான் எனக்கு வேலை. மரப்பெட்டி, கால் போன முக்காலி, ஈயம் போன பாத்திரங்கள் இவற்றுக்கு நடுவே அடுப்புப் புகையில் கறுத்துப்போன ஓலைக்கட்டு ஒன்று கிடக்கும். சுவரிலிருந்து கழற்றிய கண்ணாடிப் படங்கள் திண்ணையில் சாய்ந்திருக்கும். இரண்டையும் கேட்டு வாங்கிப் பார்ப்பேன். பள்ளியில் தமிழாசிரியராக இருந்தபோது விடுமுறை நாள்களில் செய்துவந்த வேலை இது. ஓய்வுபெற்ற பிறகு இதுவே முழுநேர வேலை.

வீட்டுக்காரர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "ஏனுங்க வாத்தியாரே, இதுல பொதையல் கிதையல் ஏதாச்சும் எழுதியிருக்குதுங்களா?" படித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்பேன். நான் முதலில் கேட்பதும் ஒன்றுதான்: "இந்தப் படத்துல இருக்கறது யாருங்க?" பல வீடுகளில் இதற்குப் பதில் இருப்பதில்லை. "அப்பாரோட அப்பாருன்னு சொல்லுவாங்க" என்று இழுப்பார்கள். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அம்மாயி, "இல்ல கண்ணு, அது அவிய தம்பி. கட்டுத்தறியில மாடு முட்டிச் செத்துப் போனாரு" என்பார். அந்த ஒரு வாக்கியத்தை உடனே எழுதிக்கொள்ளவில்லை என்றால் படத்தில் இருப்பது வெறும் தலைப்பாகையும் மீசையும்தான்.

வரலாற்று உருவப்படங்களும் கையெழுத்துச் சுவடிகளும் ஒரு நாட்டின் பண்பாட்டுக்கு ஏன் வேண்டும் என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். அவை நம் முன்னோரின் சாட்சியம் என்பதே என் பதில். சாட்சி சொல்ல வருகிறவருக்குப் பெயரும் ஊரும் வேண்டும். படம் யாருடையது, எங்கே எடுத்தது, யார் வீட்டில் தொங்கியது; சுவடியை எழுதியது யார், யாருக்காக எழுதினார், எந்த ஆண்டு எழுதி முடித்தார். இவை தெரிகிறபோதுதான் பழைய பொருள் வரலாறாகிறது. இவை தொலைந்துவிட்டால் மிஞ்சுவது அலங்காரப் பொருள். நான் செய்துவரும் வேலையில் பாதிக்கு மேல் இந்தப் பெயர்களைக் காப்பாற்றுகிற வேலைதான்.

சுவடியில் அந்த விவரம் இருக்கும் இடம் முதல் ஏடும் கடைசி ஏடும். "குரு வாழ்க, குருவே துணை" என்று தொடங்கும் முதல் ஏட்டில் காப்பும் பாயிரமும் வரும். கடைசி ஏட்டில் இன்ன வருடம், இன்ன மாதம், இன்ன தேதி, கிழமை, நட்சத்திரம், இன்னாருடைய ஏட்டைப் பார்த்து இன்னார் எழுதி முடித்தது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும் என்று எழுதியவர் சொல்லியிருப்பார். கட்டில் முதலில் அழிவதும் இந்த இரண்டு ஏடுகள்தான். மேலும் கீழும் வைத்துக் கட்டிய மரச்சட்டத்தில் உரசுவது அவைதான். ஈரம் முதலில் ஏறுவது அவற்றில். கறையானும் இராமபாணப் பூச்சியும் அங்கிருந்துதான் உள்ளே நுழைகின்றன. கயிற்றை இறுக்கிக் கட்டும்போது துளையிலிருந்து கீறல் விட்டு ஒடிவதும் அவைதான். நடு ஏடுகள் நேற்று எழுதியவை போல மஞ்சளாகப் பளிச்சென்று இருக்க, முதலும் கடைசியும் பொடியாகிப்போன கட்டுகளைத்தான் நான் அதிகமாகப் பார்த்திருக்கிறேன். நூல் இருக்கும். அது யார் நூல் என்பதற்குச் சாட்சி இருக்காது.

இந்த இழப்பு கொங்கு நாட்டுக்கு மிகப் பெரிய அளவில் நேர்ந்திருக்கிறது. கொங்குவேளிர் பாடிய பெருங்கதை உதயணன் கதையைச் சொல்லும் பெருங்காப்பியம். கோபியிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் விசயமங்கலம்தான் அவருடைய ஊர் என்பது நம் பக்கத்து மரபு. உ.வே. சாமிநாதையர் 1924இல் அதை அச்சிட்டபோது அவர் கையில் இருந்த நூலுக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. தன்னைப் பற்றியும் தன்னை ஆதரித்தவரைப் பற்றியும் புலவர் ஏதாவது சொல்லியிருந்தால் அது இருந்திருக்க வேண்டிய இடமே காணாமல் போயிருக்கிறது. நடுவில் கிடைத்திருக்கும் ஆயிரக்கணக்கான அடிகளைப் படிக்கும்போதெல்லாம் அந்த முதல் ஏட்டை நினைத்து மனம் ஆறுவதில்லை. இன்றைக்குக் கொங்குவேளிரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் கொங்கு மண்டல சதகத்தையும் செவிவழிச் செய்தியையும் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டியிருக்கிறது.

ஏடு தப்பிப் பிழைத்த கதையும் நம் பக்கத்தில் உண்டு. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் நிரம்பை என்னும் ஊரினர், கொங்கு நாட்டவர். அவரை ஆதரித்தவர் பொப்பண்ண காங்கெயன் என்று உரையின் சிறப்புப் பாயிரம் சொல்கிறது. அந்த ஏடு பிழைத்ததால்தான் நமக்கு இது தெரியும். அடியார்க்குநல்லார் தமக்கு முந்திய இசை, நாடக நூல்கள் பல இறந்துபோயின என்று வருந்திவிட்டு, எஞ்சி நின்றவையென ஐந்து நூல்களைப் பெயர் சொல்லி, அவற்றைத் துணையாகக் கொண்டே உரை எழுதினார். அவற்றுள் ஒன்று அறிவனார் செய்த பஞ்சமரபு. உ.வே.சா. சிலப்பதிகாரத்தை 1892இல் பதிப்பித்த பிறகும் அறிஞர்களுக்குப் பஞ்சமரபு வெறும் பெயராகவே இருந்தது. அந்த நூலின் ஏடு கொங்கு நாட்டில், வேலம்பாளையம் வே. இரா. தெய்வசிகாமணிக் கவுண்டரிடம் இருந்தது. ஏடுகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர் அவர். 1973இல் அதை அச்சுக்குக் கொண்டுவந்தார். இசை, வாச்சியம், நிருத்தம், அவிநயம், தாளம் என்று ஐந்து மரபுகளையும் வெண்பாவில் சொல்லும் நூல் அது. பண்டைத் தமிழிசை பற்றி இன்று பேசுகிற எவரும் அதைத் தொடாமல் பேச முடியாது. ஒரு கொங்கு உரையாசிரியர் நூற்றாண்டுகளுக்கு முன் பெயர் சொல்லி வைத்த நூலை இன்னொரு கொங்கு நாட்டவர் கண்டெடுத்திருக்கிறார். உரையில் அந்தப் பெயர் இல்லாமல் போயிருந்தால் அவர் கையில் இருந்த கட்டு இன்ன நூல் என்று தெளிவதற்கே வழி இருந்திருக்காது.

ஓலை இப்படி என்றால் கல்லில் எழுதியவர் தப்பித்துக்கொண்டார். ஈரோட்டிலிருந்து காங்கயம் போகிற சாலையில் அறச்சலூர் நாகமலைக் குகையில் எழுத்துகளைக் கட்டம் கட்டமாக அடுக்கிய ஓர் இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. 1960 வாக்கில் அதை வெளிக்கொண்டுவந்தவர் புலவர் செ. இராசு. அந்த அடுக்குகளின் பக்கத்திலேயே எழுத்துகளை அமைத்தவர் பெயர் இருக்கிறது: தேவன் சாத்தன், வண்ணக்கன். பொன்னையும் நாணயத்தையும் தரம் பார்க்கிற வண்ணக்கர் ஒருவர் இசை எழுத்துகளை மலையில் வெட்டிவைத்துத் தன் பெயரையும் சேர்த்திருக்கிறார். குகைக்குள் குனிந்து நின்று அந்தப் பெயரை வாய்விட்டுப் படிக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும். அவரைப் பற்றி வேறொன்றும் தெரியாது. ஆனால் அவர் ஒருவர் இருந்தார் என்பதை யாரும் மறுக்க முடியாது.

ஏட்டைக் கையாளும் முறையைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நல்ல மனத்தோடு செய்கிற காரியத்திலேயே பல கட்டுகள் பாழாகின்றன. தூசியாக இருக்கிறதே என்று ஈரத்துணியால் துடைக்கிறார்கள். வெயிலில் விரித்துக் காய வைக்கிறார்கள். இரண்டும் கூடாது. ஓவியர்கள் வைத்திருக்கும் மெல்லிய தூரிகையால் நரம்போட்டத்தின் போக்கிலேயே, இடமிருந்து வலமாகத் தட்டிவிட வேண்டும். ஒட்டிக்கொண்ட ஏடுகளைக் கத்தி விட்டுப் பிரிக்கக் கூடாது. கயிற்றை அவிழ்க்கும் முன் இடது ஓரத்து ஏட்டெண்களைப் படமெடுத்துக்கொள்ள வேண்டும். வரிசை குலைந்தால் பிறகு சேர்ப்பது பெரும்பாடு. சுத்தமான ஏட்டில் எலுமிச்சைப்புல் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு லேசாகத் தடவினால் விறைத்த ஓலை வளைந்து கொடுக்கும், பூச்சியும் அண்டாது. எழுத்து தெரியவில்லை என்றால் உடனே மை பூச வேண்டாம். ஜன்னலை மூடிவிட்டு டார்ச் விளக்கை ஏட்டின் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால் எழுத்தாணி கீறிய பள்ளத்தில் நிழல் விழும், அந்த நிழலிலேயே படித்துவிடலாம். அதற்கும் மசியாத ஏட்டுக்குத்தான் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துப் பூசித் துடைப்பது. பழைய காலத்தில் கோவையிலைச் சாறும் மஞ்சளும் கரியும் சேர்த்துத்தான் புது ஏட்டுக்கு மையாடினார்கள்.

ஊருக்கு ஊர் ஏட்டின் நோயும் மாறும். கோடிவேரியிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களால் கோபி வட்டாரம் நெல் விளைகிற ஈர பூமி. இங்கே கிடைக்கிற கட்டுகளில் பூஞ்சணம் பிடித்திருக்கும், ஏடுகள் ஒட்டியிருக்கும். காங்கயம், தாராபுரம் பக்கத்து வறண்ட காட்டு வீடுகளில் ஏடுகள் ஒட்டுவதில்லை. ஆனால் விரல் பட்டாலே ஒடியும். கோபியில் செய்கிற வைத்தியத்தைக் காங்கயத்தில் செய்யக் கூடாது.

படிப்பது தனிப் பயிற்சி. மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் வேறுபாடு இருக்காது. கால் போடுவதும் ரகரமும் ஒரே வடிவம். மாட்டு வாகடம் ஒன்றைப் படிக்கும்போது ஓரிடத்தில் நிற்க வேண்டியிருந்தது: மருந்தைக் கரைக்கச் சொன்னது பாலிலா, அல்லது பரல் என்று வேறு எதையோ சொல்கிறதா? இரண்டும் ஏட்டில் ஒன்றுபோலத்தான் தெரியும். அடுத்த வரியில் எத்தனை உழக்கு என்று அளவு வந்ததும் பால் என்று தெளிந்தது. கொங்கு நாட்டு வீடுகளில் இத்தகைய மாட்டு வாகடங்கள் நிறையக் கிடைக்கின்றன. கடன் முறிகள், நிலத்துக்கான காணிப் பட்டயங்கள், அண்ணன்மார் கதை, அம்மானைகள், சோதிடம், சித்த மருத்துவம் எல்லாம் வரும். சங்க இலக்கியம் கிடைக்காதா என்று ஏங்கிக்கொண்டு கடன் முறியை ஒதுக்கிவிடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. எந்தக் காட்டுக்கு என்ன பெயர், யார் யாரிடம் என்ன தவணைக்குக் கடன் வாங்கினார், நெல்லாகத் திருப்பினாரா பணமாகத் திருப்பினாரா என்பது வேறெந்த நூலிலும் இருக்காது. செ. இராசு கொங்கு நாட்டுச் சமுதாய ஆவணங்களைத் தொகுத்தபோது இத்தகைய பட்டயங்களையும் ஓலைகளையும்தான் பெருமதிப்போடு சேர்த்தார்.

ஆண்டைக் கண்டுபிடிப்பதும் இதைப் போன்றதே. 'ஆங்கிரச வருடம் தை மாதம்' என்று மட்டும் இருந்தால் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் வந்துகொண்டிருக்கும். தேதியும் கிழமையும் நட்சத்திரமும் சேர்ந்து பொருந்துகிற ஆண்டு எது என்று தேட வேண்டும். அதற்கு எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளை 1922இல் வெளியிட்ட 'இந்தியன் எபிமெரிஸ்' தொகுதிகள் பெரிய துணை. கணக்குப் பொருந்தி, ஏட்டின் நாள் இதுதான் என்று தெளியும் அந்தக் கணத்துக்காக எத்தனை இரவு வேண்டுமானாலும் உட்காரலாம்.

இனிப் படங்கள். சட்டத்துக்குள் இருக்கும் பழைய போட்டோவைக் கழற்றும்போது சில சமயம் படம் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும். ஈரத்தில் மேற்பரப்பு ஜெலட்டின் இளகிப் பிடித்துக்கொண்டது அது. இழுத்தால் முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். அப்படியே கண்ணாடியோடு வைத்துப் படமெடுத்து, அப்படியே பத்திரப்படுத்த வேண்டும். பின்பக்கத்து அட்டையை மட்டும் மெதுவாக எடுக்கலாம். அங்கேதான் தகவல் இருக்கும். ஸ்டூடியோ முத்திரை, பென்சிலில் ஒரு பெயர், சில வேளை முட்டுக்கொடுக்கச் செருகிய பழைய சுதேசமித்திரன் தாள். அந்தத் தாளின் தேதிக்கு முன் அந்தச் சட்டம் போட்டிருக்க முடியாது என்ற அளவுக்காவது ஒரு பிடி கிடைக்கும். முன்பக்கத்தை அவசரப்பட்டு நம்பக் கூடாது. பின்னால் தெரிகிற மாளிகைத் தூண் ஸ்டூடியோ திரைச்சீலை. உட்கார்ந்திருக்கும் நாற்காலியும் ஸ்டூடியோவுடையது. கோட்டு கூட ஸ்டூடியோவில் மாட்டிவிட்டதாக இருக்கலாம். கைகளைப் பாருங்கள் என்று என்னிடம் வருகிற பிள்ளைகளுக்குச் சொல்வேன். ஏர் பிடித்த விரல்களை எந்தக் கோட்டாலும் மறைக்க முடியாது.

கற்பனையில் வரைந்த உருவங்களும் ஒரு மக்களுக்கு வேண்டும் என்பதை நான் மறுப்பவன் அல்லன். கே.ஆர். வேணுகோபால் சர்மா வரைந்த திருவள்ளுவர் படம் 1964இல் சட்டமன்றத்தில் திறக்கப்பட்டது. பேருந்திலும் வகுப்பறையிலும் அந்த முகத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு வேறு வள்ளுவரை நினைக்கவே வராது. அது ஓர் ஓவியரின் பெரும் கொடை. ஆனால் அது ஓவியம் என்ற நினைவும் கூடவே இருக்க வேண்டும். தீரன் சின்னமலையை 1805இல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிட்டார்கள். அவர் காலத்தில் வரைந்த படம் ஒன்றும் நம் கையில் இல்லை. நாம் மாலை போடும் சிலைகள் எல்லாம் அன்பினால் செய்தவை. பாரதிக்கு அந்தக் குறை இல்லை. 1921இல் ஈரோடு கருங்கல்பாளையம் நூல் நிலையத்தில் வந்து பேசி, சில வாரங்களில் மறைந்துபோன அந்த மனிதரின் நிழற்படங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான் என்றாலும், அவற்றில் இருப்பது அவருடைய உண்மை முகம். பின்னால் ஓவியர்கள் வரைந்து பரப்பிய முண்டாசு மீசை முகத்தின் பக்கத்தில் அந்த நிழற்படத்தை வைத்துப் பாருங்கள். கன்னம் ஒட்டிய, பசி தெரிகிற அந்த முகம் ஓவியத்தில் இல்லை. இரண்டையும் வீட்டில் மாட்டலாம். எது எது என்று கீழே எழுதி மாட்ட வேண்டும்.

சுவடியும் உருவப்படமும் ஒன்றாகச் சேருகிற ஒரு படம் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. 1816இல் தாமஸ் ஹிக்கி வரைந்த காலின் மெக்கன்சியின் எண்ணெய் ஓவியம். நில அளவைத் தலைவராக இருந்த மெக்கன்சி தென்னாடு முழுக்க ஆள் அனுப்பிச் சுவடிகளையும் ஊர் வரலாறுகளையும் திரட்டியவர். 1821இல் அவர் இறந்த பிறகு, அந்தத் திரட்டில் ஒரு பகுதி சென்னை வந்து அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தின் அடித்தளங்களில் ஒன்றானது. கொங்கு வரலாறு எழுதுகிற எல்லோரும் எடுத்துப் பார்க்கும் 'கொங்குதேச ராசாக்கள்' அந்த வழியில் வந்ததுதான். கோயம்புத்தூர் சி.எம். இராமச்சந்திரஞ் செட்டியார் அதைப் பதிப்பித்து, 1950இல் அந்த நூலகம் வெளியிட்டது. ஓவியத்தில் மெக்கன்சி சிவப்புச் சீருடையில் நடுவில் நிற்கிறார். சுற்றி இந்தியர் மூவர். ஏடு பிடித்திருப்பவர் சமண அறிஞர் தர்மையா என்றும், தொலைநோக்கி ஏந்தியவர் கிருஷ்ணாஜி என்றும் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். துரையின் பெயரில் இருக்கிற உறுதி அந்தப் பெயர்களில் இல்லை. ஊர் ஊராக நடந்து, கர்ணத்திடமும் குருக்களிடமும் பேசிக் கேட்டு ஏட்டை வாங்கி வந்தவர்கள் இத்தகையவர்கள்தான். படத்தில் நிற்கிறார்கள், ஆனால் யார் என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது.

நம் பள்ளிக்கூட வராந்தாக்களில் தொங்கும் குழுப் படங்களும் அப்படித்தான். உட்கார்ந்திருக்கும் ஆசிரியர்கள் பெயர் இடமிருந்து வலமாக அட்டையில் அச்சடித்திருக்கும். கடைசி வரிசையில் நிற்கும் மாணவர்கள் பலருக்குப் பெயர் இருக்காது. ஓரத்தில் மணியடிக்கும் கடைநிலை ஊழியர் நிற்பார், அவர் பெயரும் இருக்காது. ஊரில் வயதானவர்களைக் கேட்டால் அந்த ஊழியரின் பெயர்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

அழிப்பவர்களுக்கு இவற்றின் மதிப்பு நன்றாகத் தெரிந்திருக்கிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தபோது 90,000க்கும் மேற்பட்ட நூல்களோடு, திரும்பக் கிடைக்காத ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. ஒரு மக்களுக்கு இந்த மண்ணில் வேர் இருக்கிறது என்பதற்கான சாட்சிகள் அவை. நம் பக்கத்தில் யாரும் தீ வைக்கவில்லை. ஆடிப்பெருக்கன்று பவானி ஆற்றில் பூவோடு சேர்த்து ஏட்டையும் விட்டால் புண்ணியம் என்று நம்பி விட்டிருக்கிறார்கள். யாருக்கும் படிக்கத் தெரியாத ஏட்டை வீட்டில் வைத்திருந்தால் ஆகாது என்ற பயமும் சேர்ந்துகொண்டது. படித்துக் காட்டிவிட்டால் அந்தப் பயம் போய்விடுகிறது. "இது உங்க முப்பாட்டன் எழுதின மாட்டு வைத்தியமுங்க" என்று நாலு வரி வாசித்ததும் கட்டைக் கும்பிட்டு வாங்கி உள்ளே வைத்த வீடுகள் இருக்கின்றன.

2003இல் மத்திய அரசு சுவடிகளுக்கான தேசிய இயக்கத்தைத் தொடங்கியது. தஞ்சை சரசுவதி மகாலும் தமிழ்ப் பல்கலைக்கழகமும் பெரும் பணி செய்கின்றன. ஸ்கேன் எடுக்கும் கருவிகள் வந்துவிட்டன. எல்லாம் நல்லது. ஆனால் ஏட்டைப் படமெடுக்கிற அவசரத்தில் அது எந்த வீட்டில், எந்தப் பெட்டியில், வேறெந்தக் கட்டுகளோடு இருந்தது என்பதை எழுதாமல் விடுவதைப் பார்க்கிறேன். ஒரு மருத்துவ ஏடு நாவிதர் வீட்டில் இருந்ததா, பண்ணையக்காரர் வீட்டில் இருந்ததா என்பதில் அந்த மருத்துவத்தின் வரலாறே மாறும். கணினியில் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பத்தான் யாரும் உட்காருவதில்லை.

ஆகவே என்னைப் பார்க்க வருகிற ஆசிரியர்களிடம் இப்போது ஒன்று கேட்கிறேன். கோடை விடுமுறையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கிற பழைய படம் ஒன்றை எடுத்துக்கொண்டு எண்பது வயதைத் தாண்டிய ஒருவரிடம் போய் உட்காரட்டும். யார், யாருக்கு என்ன உறவு, எந்த ஊர், எங்கே எடுத்தது, அப்போது என்ன வேலை செய்தார். கேட்டதைப் படத்தின் பின்பக்க ஓரத்தில் மெல்லிய 2பி பென்சிலால், அழுத்தாமல் எழுத வேண்டும். பால்பாயின்ட் கூடாது, அதன் தடம் முன்பக்கம் புடைக்கும். சொன்னவர் பெயரையும் கேட்ட தேதியையும் சேர்த்து எழுத வேண்டும். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதட்டும்.